மீன் தொட்டியின் சம்பில் எதை நிரப்புவது?

வண்ணமீன் வளர்ப்பு பல சிறு விவசாயக் குடும்பங்களுக்கு நல்ல உபதொழிலாக இருந்து வருகிறது. சென்னை கொளத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டுப் பின்புறத்துச் சிமெண்டுத் தொட்டிகளிலேயே ஏஞ்சல், கப்பி, மோலி, தங்கமீன் முதலியவற்றைப் பெருக்கி விற்று வருகிறார்கள். தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் தினமும் நீரை மாற்றி மீனைக் காப்பாற்றி விடலாம். ஆனால் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கி மீன் வளர்ப்பது கட்டுப்படியாகாது என்பது தெளிவாயிற்று. ஒரே நீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்ப உபயோகிக்கும் முறைக்குப் பலர் மாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இம்முறையில் தொட்டிக்குக் கீழே சம்ப் ஒன்று அமைக்கப்படுகிறது. தொட்டியில் வழியும் நீர் சம்பில் இறங்கி, அங்கு நிரப்பப்பட்ட பொருள்களினூடே சென்று, பம்பு மூலம் மீண்டும் மேலேறுகிறது. இந்தச் சம்பில் எதை நிரப்புவது என்பதில்தான் மீன் வளர்ப்போர் குழம்புகின்றனர். கடையில் பீங்கான் வளையம், கண்ணாடி வளையம், பிளாஸ்டிக் பந்து, பிளாஸ்டிக் சக்கரம் என்று பலவகைச் சரக்குகள் விற்கின்றன. கடன் வாங்கி விலையுயர்ந்ததை வாங்கிப் போட்டவர் தொட்டியிலும் மீன் சாகிறது; வெறும் ஜல்லி போட்டவர் தொட்டியிலும் மீன் பிழைக்கிறது. இதன் காரணத்தைப் புரிந்து கொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம், தாய்மீன்களையும் காப்பாற்றலாம்.

வயலில் நடப்பதே சம்பிலும் நடக்கிறது

மீன் தான் தின்ற தீனியிலுள்ள புரதத்தின் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. மீதித் தீனியும் எச்சமும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கேடு செய்வதில்லை.

இது விவசாயிக்குப் புதிய செய்தி அன்று. நஞ்சையல்லாத நிலத்தில் அம்மோனியம் சல்பேட் இட்டால், மண்ணிலுள்ள இதே இன நுண்ணுயிர்களே அதைப் பயிர் எளிதில் எடுத்துக் கொள்ளும் நைட்ரேட்டாக மாற்றித் தருகின்றன. 1877-இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். முதல் 20 நாட்கள் வரை மாற்றமேதும் இல்லை. அதன்பின் அம்மோனியா குறைந்து நைட்ரேட் தோன்றியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுவிட்டது. இவ்வேலையைச் செய்வது மணல் அல்ல, அதன்மேல் குடியேறிய உயிர்களே என்று அப்போது விளங்கிற்று.

சம்பிலுள்ள நிரப்புப் பொருளுக்கும் இதுவே பொருந்தும். அது நீரைச் சுத்தம் செய்வதில்லை; சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களுக்கு வீடாக மட்டுமே இருக்கிறது. ஆகவே வீடு எத்தனை விலை என்பதைவிட, குடியிருப்போருக்கு இடமும் காற்றும் கிடைக்கிறதா, வீட்டில் குப்பை சேராமல் இருக்கிறதா என்பவையே கவனிக்கத் தக்கவை.

முதலில் தீனியை நிறுக்க வேண்டும்

"எனது தொட்டி ஆயிரம் லிட்டர், எவ்வளவு நிரப்ப வேண்டும்?" என்று கேட்பது வழக்கம். தொட்டியின் அளவை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. நாளொன்றுக்கு எவ்வளவு தீனி போடப்படுகிறது என்பதே கணக்கு.

35 சதம் புரதமுள்ள தீனியை 100 கிராம் போட்டால், அதிலிருந்து சுமார் 3 கிராம் அம்மோனியாத் தழைச்சத்து நீரில் சேரும். மீனின் எடையில் நூற்றுக்கு 3 பங்கு தீனி என்று வைத்துக் கொண்டால், இது மூன்றேகால் கிலோ மீனுக்குரிய தீனியாகும். நம் வெப்பநிலையில், நன்கு பழகிய ஒரு சதுர மீட்டர் பரப்பிலுள்ள நுண்ணுயிர்கள் நாளொன்றுக்குச் சுமார் 0.2 கிராம் அம்மோனியாத் தழைச்சத்தை மாற்றும் என்று குறைவாகவே மதிப்பிடுவது பத்திரமானது. அப்படியானால் 100 கிராம் தீனிக்கு 15 சதுர மீட்டர் பரப்பு தேவை. இந்தப் பரப்பு வெவ்வேறு பொருள்களில் எவ்வாறு கிடைக்கும் என்பதைக் கீழே காண்க.

முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லி: சுமார் 85 லிட்டர் கொள்ளளவு; எடை ஏறக்குறைய 125 கிலோ.

குறுக்குத் தடுப்புகளுள்ள சிறு பிளாஸ்டிக் சக்கரம் (கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் பரப்புள்ளது): 30 லிட்டர்.

தண்ணீர் பாட்டில் மூடி: 4,000 முதல் 5,000 வரை.

20 மில்லிமீட்டர் மின்கம்பிக் குழாயை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால்: 6,000-க்கு மேற்பட்ட துண்டுகள், அதாவது சுமார் 125 மீட்டர் குழாய்.

இக்கணக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிய வரும். ஒன்று, ஒரு சிறு பை நிறைய வளையங்களைப் போட்டுவிட்டு நூறு கிராம் தீனி போடுவது மீனுக்கு ஆபத்து. மற்றொன்று, மலிவு என்று நினைக்கும் பொருள் எல்லாம் மலிவு அன்று. புதுக் குழாய் வாங்கி நறுக்குவதைவிடப் பிளாஸ்டிக் சக்கரம் வாங்குவது பல சமயம் சிக்கனமாக முடியும். உள்ளூர் விலையைக் கேட்டு, ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு என்ன செலவாகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

பொருள்களின் குணமும் குறையும்

கருங்கல் ஜல்லி எங்கும் கிடைக்கும், என்றும் அழியாது. எடை அதிகமாதலால் கண்ணாடிச் சம்புக்கு ஏற்றதன்று. சிமெண்டுச் சம்புக்குப் பொருத்தமானது. கிரஷர் தூசி போகும்வரை பலமுறை அலசிப் போட வேண்டும். அரை அங்குலத்துக்குக் கீழான பொடி ஜல்லியில் பரப்பு கூடுதலாக இருந்தாலும், இடுக்குகளில் சேறு சீக்கிரம் அடைத்துக் கொள்ளும். அடைத்த இடத்தில் காற்றில்லாமல் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகும். மணலைச் சம்பில் கொட்டுவது இதனால்தான் கூடாது என்று சொல்லப்படுகிறது.

பவளக்கல், கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் ஆகியவை நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து காரத்தன்மையைக் கூட்டும். மோலி, கப்பி போன்ற மீன்களுக்கு இது நன்மையே. மென்னீர் விரும்பும் டிஸ்கஸ் மீனுக்கு ஆகாது. ஒரு கல் எந்த வகை என்று அறிய, அதன்மேல் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் போதும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு கலந்த கல் என்று அறியலாம்.

நன்கு வெந்த செங்கல் துண்டுகளும் உதவும். வேகாத செங்கல் ஊறிக் கரைந்து சேறாகி விடும். தேங்காய் நார், மரத்துண்டு போன்றவை நாளடைவில் மக்கிப் போவதால், கழிவைக் குறைப்பதற்குப் பதில் கூட்டுகின்றன.

பீங்கான் வளையம், கண்ணாடி வளையம் ஆகியவற்றின் உட்பகுதி நுண்துளைகள் நிறைந்தது. ஒரு லிட்டரில் பல நூறு சதுர மீட்டர் பரப்பு உண்டு என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைக் காணலாம். அளந்தால் அவ்வளவு இருக்கக்கூடும். ஆனால் அதில் பெரும்பகுதி பயன்படாது. நுண்ணுயிர்கள் மேற்பரப்பில் வழவழப்பான படலமாகப் படிந்து வளர்கின்றன. நீரிலுள்ள பிராணவாயு அப்படலத்தில் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழத்துக்கே இறங்கும். படலம் மூடிய துளைகளுக்குள் காற்றும் போகாது, அம்மோனியாவும் போகாது. அட்டையிலுள்ள எண்ணை நம்பி ஒரு லிட்டர் வளையத்தோடு நிறுத்திக் கொண்டவர்கள் ஏமாறுவது இங்கேதான். வளையங்கள் கெட்ட பொருள் அல்ல. கொடுத்த விலைக்கு உரிய பலனைத் தருவதில்லை என்பதே குறை.

பிளாஸ்டிக் சக்கரம் 1980-களின் பிற்பகுதியில் நார்வே நாட்டில் சாக்கடை நீர்ச் சுத்திகரிப்புக்கென உருவாக்கப்பட்ட முறையிலிருந்து வந்தது. காற்றுக் குமிழிகளால் இடைவிடாது புரண்டு கொண்டிருப்பதால் இதில் சேறு அடைவதில்லை. கழுவும் வேலை மிகக் குறைவு. அறையின் கொள்ளளவில் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் நன்கு புரளும். காற்று பம்பு ஓட மின்சாரம் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்கும்போது, மேடுபள்ளங்களும் தடுப்புகளும் உள்ளதையே வாங்க வேண்டும். ஒன்றோடொன்று உரசாத உட்பகுதியில்தான் படலம் நிலைக்கும்.

பாட்டில் மூடி, கிழிந்த மீன் வலை, நிழல்வலைத் துண்டு ஆகியவை காசில்லாமல் கிடைப்பவை. எண்ணெய், மருந்து, பூச்சிக்கொல்லி டப்பாக்களின் மூடிகளைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மூடிகளில் பாதியில் துளையிட்டுப் போட்டால் நீர் தேங்காது. நாகம் பூசிய இரும்பு வலை, செம்புக் கம்பி ஆகியவை எக்காரணம் கொண்டும் சம்பினுள் இருக்கக் கூடாது. இவ்வுலோகங்கள் நீரில் கரைந்து மீனைக் கொல்லும்.

சம்பில் அடுக்கும் முறை

எந்தப் பொருளானாலும் அதற்கு முன்னால் கசடு தடுக்கப்பட்டால்தான் பலன் தரும். சம்பை மூன்று அறைகளாகத் தடுத்துக் கொள்ள வேண்டும். முதல் அறையில் நீர் வேகம் குறைந்து எச்சம் அடியில் தங்கட்டும். அடுத்து முரட்டு ஸ்பாஞ்சு அல்லது பல மடிப்பு நிழல்வலை வழியே செல்லட்டும். இரண்டாவது அறையில் நிரப்புப் பொருள் இருக்க வேண்டும். மூன்றாவது அறையில் பம்பு.

நிரப்புப் பொருளை வெங்காய வலைப் பைகளில் கட்டிப் போட்டால் எடுத்துக் கழுவ எளிது. அடியில் நாலு விரல் இடைவெளி விட்டு, அங்கு காற்றுக் கல் வைக்க வேண்டும். 3 கிராம் அம்மோனியாத் தழைச்சத்தை மாற்றுவதற்கு நுண்ணுயிர்களுக்கு மட்டும் ஏறக்குறைய 14 கிராம் பிராணவாயு செலவாகிறது. மீனுக்கு வேண்டியது இதற்குமேல்.

சம்புக்கு மேலே ஓட்டையுள்ள பிளாஸ்டிக் காய்கறிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றில் பொருளை நிரப்பி, துளைக் குழாயால் நீரைத் தூவி வடிய விடுவது மற்றொரு நல்ல முறை. காற்று தானே கிடைப்பதால் காற்று பம்பு தேவையில்லை.

100 கிராம் தீனிக்கு மணிக்கு 500 லிட்டர் நீராவது சம்பின் வழியே ஓட வேண்டும். பம்பின் அட்டையில் காணும் அளவு, நீரைத் தூக்கும் உயரம் கூடக் கூடக் குறையும். ஆகவே குழாயிலிருந்து விழும் நீரை ஒரு வாளியில் ஒரு நிமிடம் பிடித்து அளந்து பார்ப்பதே சரி. நிமிடத்துக்கு எட்டரை லிட்டர் வந்தால் கணக்கு நேராகும்.

புதுச் சம்பு பழகும் காலம்

நிரப்பிய அன்றே மீனை விடுவது பெருந்தவறு. படலம் உருவாக நம் வெப்பநிலையில் மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். மீனில்லாமலேயே சம்பைப் பழக்கலாம். 1,000 லிட்டர் நீருக்கு 10 கிராம் அம்மோனியம் சல்பேட் உரத்தைக் கரைத்து விட்டு, பம்பை இடைவிடாமல் ஓடவிட வேண்டும். வேறு உரம் கலந்த கலப்பு உரத்தை உபயோகிக்கக் கூடாது. மீன் கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டியைக் கொண்டு அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்கவும். அம்மோனியா தீர்ந்ததும் மறுபடி அதே அளவு இடவும். முதலில் அம்மோனியா குறைந்து நைட்ரைட் ஏறும். பிறகு அதுவும் இறங்கும். இட்ட உரம் 24 மணி நேரத்தில் அம்மோனியாவாகவும் நைட்ரைட்டாகவும் தெரியாமல் போய்விட்டால் சம்பு தயார். அதன்பின் பெரும்பகுதி நீரை மாற்றிவிட்டு மீனை விடலாம். தீனியைச் சில நாட்களில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு பை நிரப்புப் பொருளை எடுத்துப் போட்டால் காலம் பாதியாகக் குறையக்கூடும். நோய் கண்ட தொட்டியிலிருந்து எடுத்தால் நோயும் கூடவே வரும்.

கார நீரில் கூடுதல் கவனம்

அம்மோனியா நீரில் இரு நிலைகளில் இருக்கிறது. ஒன்று கொடிய நஞ்சு; மற்றது அவ்வளவு கேடில்லாதது. 30 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில், கார அமில நிலை 7 ஆக இருந்தால் நஞ்சான பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அது 8 ஆனால் நூற்றுக்கு ஏழு எட்டு. 9 ஆனால் ஏறக்குறைய பாதி. ஒரே அளவு தீனி போட்டும் ஒருவர் தொட்டியில் மீன் இருக்க, அடுத்தவர் தொட்டியில் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிணற்று நீரின் கார அமில நிலை 8-க்கு மேல் இருப்பவர்கள் மேலே கண்ட கணக்கைப் போல் இரு மடங்கு நிரப்புவது நல்லது.

மாறாக, மழைநீரோ சுத்திகரித்த மென்னீரோ உபயோகிப்பவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். நுண்ணுயிர்களின் வேலையால் நீரின் காரத்தன்மை நாளுக்கு நாள் செலவாகி, புளிப்பு ஏறும். கார அமில நிலை ஆறரைக்குக் கீழே இறங்கினால் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். 100 கிராம் தீனிக்குச் சுமார் 35 கிராம் சமையல் சோடா இதை ஈடுகட்டும். சிறிது சிறிதாகக் கரைத்துச் சம்பில் விடவேண்டும். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது.

கழுவுதலும் மின்தடையும்

முதல் அறையின் ஸ்பாஞ்சையும் கசடையும் வாரம் இருமுறையாவது அகற்ற வேண்டும். நிரப்புப் பொருளை அடிக்கடி தொடக் கூடாது. நீரோட்டம் குறைந்தால் மட்டும், பாதிப் பைகளை எடுத்து, தொட்டியிலிருந்து முகந்த நீரில் அலசி வைக்கவும். மறுபாதியை இரண்டு வாரம் கழித்து அலசலாம். குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினாலும், வெயிலில் காய வைத்தாலும், மாதக்கணக்கில் வளர்ந்த படலம் ஒரே நாளில் அழிந்துவிடும். மீனுக்கு நோய் வந்தால் மெதிலீன் நீலம், உயிர்க்கொல்லி மருந்து ஆகியவற்றைத் தனித் தொட்டியில் வைத்தே கொடுக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால் மேல்தொட்டி நீர் ஓரளவு சம்பில் வழியும். அதைத் தாங்குமளவு இடம் சம்பில் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். மின்தடை நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், மூழ்கியிருக்கும் நிரப்புப் பொருளுக்குக் காற்றில்லாமல் போகும். அவ்வறையின் நீரைத் திறந்துவிட்டு, பொருள் ஈரமாக மட்டும் இருக்கும்படி வைத்தால் நுண்ணுயிர்கள் பிழைக்கும். திறந்துவிட மறந்திருந்தால், மின்சாரம் வந்ததும் அந்தத் தேங்கிய நீரை வெளியே கொட்டிய பிறகே பம்பைப் போட வேண்டும். அன்று தீனியை நிறுத்திவிடுவது நலம்.

சம்பு எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் நைட்ரேட் சேர்ந்து கொண்டே போகும். தினமும் பத்தில் ஒரு பங்கு நீரையாவது மாற்றுவது அவசியம். உப்பு போடாத தொட்டி நீரானால் கீரைப் பாத்திக்கும் தென்னைக்கும் பாய்ச்சலாம், தழைச்சத்து வீணாகாது.

மீன் வளர்ப்போர் கடைக்குப் போகுமுன் ஒரு நாள் தீனியை நிறுத்துப் பார்த்து, 100 கிராமுக்கு 15 சதுர மீட்டர் என்ற கணக்கைத் தாளில் எழுதிக் கொள்ளட்டும். ஜல்லியானாலும் சக்கரமானாலும் அந்தப் பரப்பு கிடைத்து, முன்னால் கசடு தடுக்கப்பட்டு, உள்ளே காற்றும் நீரும் ஓடினால் போதும். நிரப்பும் பொருளில் மிச்சமாகும் பணத்தைச் சோதனைப் பெட்டிக்கும், மின்கலத்தால் ஓடும் ஒரு காற்று பம்புக்கும் செலவிட்டால், அடுத்த மின்தடையின்போது தாய்மீன்கள் தப்பும்.